பறைக்குழு தொடங்குகிறவர்களுக்கு: முதல் அடியிலிருந்து முதல் கணக்கு வரை

பறை கற்றுக்கொண்ட நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து குழு தொடங்கலாம் என்று முடிவெடுத்தால், முதலில் பேசுவது குழுவின் பெயரைப் பற்றி. அடுத்து பனியன் நிறம். அப்புறம் யூடியூப் சேனல். பணத்தைப் பற்றிய பேச்சு வருவதற்கு நான்கைந்து நிகழ்ச்சிகள் ஆகிவிடும். வரும்போது பெரும்பாலும் சண்டையாகத்தான் வரும். நல்ல குழுக்கள் அந்தச் சண்டையில் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கலைக்குழுவில் நானும் அடிப்பேன். ஆனால் பல வருடமாக என் முக்கிய வேலையாக இருந்தது கணக்கு நோட்டு எழுதுவது. புதிதாகக் குழு தொடங்குகிற தம்பி தங்கைகள் போனில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, இதை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற கலைகளில் காசு பேசுவது ஒரு மாதிரி, பறையில் காசு பேசுவது வேறு மாதிரி. பல தலைமுறைகளாகப் பறையடிப்பது ஒரு சாதியின் தலையில் சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. சாவு விழுந்தால், சாமி புறப்பட்டால், ஊருக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால், கூப்பிட்டதும் போயாக வேண்டும். கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். தண்டோரா போடும் வழக்கத்துக்குத் தமிழக அரசு தடை சொன்னதே 2022 ஆகஸ்டில்தான். இத்தனை காலமும் அடிக்கிறவருக்கு இல்லாமல் போனது இரண்டு உரிமைகள்: தன் வேலைக்குத் தானே விலை சொல்வது, வர முடியாது என்று சொல்வது. அதனால் பறைக்குழு நடத்துகிறவர் தன் கட்டணத்தைத் தானே சொல்லி, எழுதி வாங்கி, குழுவுக்குள் நியாயமாகப் பிரித்துக் கொடுத்தாலே அந்தக் கலையின் சமூகப் பணியில் பாதி நடந்துவிடுகிறது. மேடையில் பேசும் வசனமெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் ஆசானைத் தேடுங்கள்

வீடியோ பார்த்து அடி பழகலாம். ஆனால் குழு நடத்துவதற்கு அது போதாது. ஊரில் பரம்பரையாக அடித்து வருகிற பெரியவர் ஒருவரிடமோ, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற குழுவிலோ போய் உட்காருங்கள். மதுரை அலங்காநல்லூர் வேலு ஆசானைப் பெரும்பாலோருக்குத் தெரியும். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அவரைப் போன்றவர்களிடம் கற்றவர்கள் இன்று பல மாவட்டங்களில் பயிற்சி கொடுக்கிறார்கள். சென்னையில் புத்தர் கலைக்குழு, திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழு என்று கற்றுக்கொடுத்து வளர்ந்த குழுக்களும் உண்டு.

ஆசானிடம் போவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு இடம் உண்டு. சாமிச்சாட்டு அடி ஊருக்குத் திருவிழா சொல்வது. சப்பரத்து அடி சப்பரம் நகரும்போது. மருள் அடி கேட்டு ஆள் சாமியாடும். இது தெரியாமல் கல்யாண மண்டபத்தில் மருள் அடியை எடுத்துவிட்டுக் கூட்டத்தில் ஒரு பாட்டிக்கு அருள் வந்து, குழு கையைப் பிசைந்துகொண்டு நின்றதை நேரில் பார்த்தேன். எந்த அடியை எங்கே எடுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை ஆசானின் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

ஆசானுக்குக் கற்றுக்கொடுப்பதற்கு மாதச் சம்பளம் கொடுங்கள். தட்சணை என்று வேட்டி துண்டோடு முடித்துவிடாதீர்கள். அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். அவர் வாழ்நாளில் யாரும் அவர் கலைக்கு ஒரு தொகையை மரியாதையாக முன்வைத்துக் கேட்டதில்லை என்பதால் வருகிற கூச்சம் அது. நீங்கள் கொடுத்துப் பழகினால் வாங்கிப் பழகுவார்.

கருவி

பறையின் சட்டம் என்பது வளைவாகச் செதுக்கிய மூன்று மரத்துண்டுகளை இரும்புத் தகட்டால் சேர்த்த வட்டம். ஒரு பக்கம் மட்டும் தோல். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெல்லிய மூங்கில் சிம்பு. சுண்டுக்குச்சி என்றும் சொல்வார்கள், ஊருக்கு ஊர் பெயர் மாறும்.

இப்போது ஃபைபர் பறை பரவலாகிவிட்டது. காய்ச்ச வேண்டாம், மழைக்கும் பயமில்லை. பயிற்சிக்கு அது போதும். மேடைக்குத் தோல் பறைதான் என் கட்சி. தோலைத் தீயில் காய்ச்சுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்பு, மண்டபத்துக்குப் பின்னால் வைக்கோலையும் காய்ந்த ஓலையையும் போட்டு மூட்டுவோம். எங்கள் ஆசான் பறையைத் தீக்குக் காட்டிக்கொண்டே விரலால் தட்டுவார். முதலில் ஈரச் சாக்கைத் தட்டுவது போலத் ‘தொப், தொப்’ என்று இருக்கும். மெல்ல மெல்ல ஓசை மேலேறும். கணீரென்று ஒரு சத்தம் வந்ததும் சட்டென்று கையை இழுத்துவிடுவார். அதற்கு மேல் அரை நிமிடம் வைத்தாலும் தோல் தெறித்துவிடும். அந்தச் சத்தம் எப்போது வரும் என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் விரல் நுனிக்கும்தான் தெரியும்.

இதில் ஒரு நடைமுறை விஷயம். ஏசி அரங்கில் காய்ச்சிய தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். தீ மூட்டவும் விடமாட்டார்கள். அதனால் நிகழ்ச்சி பேசும்போதே “பறை காய்ச்ச வெளியே ஒரு இடம் வேண்டும்” என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பாதிப் பேர் ஃபைபர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பறை செய்கிறவரிடம் பேரம் பேசாதீர்கள். தோலைச் சுத்தம் செய்து, முடி நீக்கி, இழுத்துக் காயவைக்கிற வேலையை அடுத்த தலைமுறை விட்டுக்கொண்டிருக்கிறது. நாற்றமும் இழிவும் அவருக்கு, கைதட்டல் நமக்கு என்றால் அது என்ன மாற்றம்? ஒரே நேரத்தில் பத்துப் பறைக்கு முன்பணம் கொடுத்துச் செய்யச் சொன்னால், அவருக்கும் ஒரு சீசன் ஓடும்.

குழுவுக்குள் முதல் ஒப்பந்தம்

மேடை ஏறுவதற்கு முன், ஆறு மாதமாவது வாரம் மூன்று நாள் பயிற்சி எடுங்கள். அந்த ஆறு மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து இவற்றை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வருமானத்தைப் பிரிக்கும் விதம் என்ன? பணம் யார் கையில் இருக்கும், கணக்கு யார் எழுதுவது? இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பயிற்சிக்கு வராதவர் நிகழ்ச்சிக்கு வரலாமா? ஒருவர் விலகினால் பறையும் உடையும் யாருக்கு? குழுவின் பெயரில் தனியாக ஒருவர் நிகழ்ச்சி எடுக்கலாமா?

குழுவில் பெண்கள் இருந்தால், இருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன், இரவு நிகழ்ச்சி முடிந்து ஒவ்வொருவரையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் வண்டி அடுத்த இடம் போகும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். உடை மாற்ற பூட்டுள்ள அறை இல்லையென்றால் நிகழ்ச்சி இல்லை என்பதையும். இந்த இரண்டும் ஏட்டில் இருந்தால்தான் அம்மா அப்பா பிள்ளையைத் தைரியமாக அனுப்புவார்கள்.

விலை சொல்வது

எல்லோரும் தடுமாறுகிற இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போன் வரும். “தம்பி, எங்க காலேஜ்ல பொங்கல் விழா. நீங்க வந்து ஒரு மணி நேரம் அடிக்கணும். பெருசா பட்ஜெட் இல்ல, ஆனா நல்ல கூட்டம் வரும், உங்களுக்கும் ஒரு விளம்பரம் ஆகும்ல.” முதல் வருடம் நாங்கள் இதற்கெல்லாம் சரி என்றோம். இரண்டாவது வருடம் எங்கள் குழுவில் இருந்த ஒரு தங்கை போனை வாங்கி, மரியாதையாகவே கேட்டாள்: “சார், மைக்செட்காரருக்கு எவ்வளவு கொடுக்குறீங்க?” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பந்தல், மைக்செட், சமையல், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் நமக்குப் போன் செய்கிறார்கள். பட்ஜெட் இல்லை என்பதற்கு அர்த்தம், பறைக்கு என்று பட்ஜெட் ஒதுக்கவில்லை என்பதுதான். நீங்கள் ஒரு தொகையைச் சொன்னால் அடுத்த வருடம் ஒதுக்குவார்கள்.

தொகையை எப்படிக் கணக்குப் போடுவது? வாயில் வந்ததைச் சொல்லாதீர்கள். கீழிருந்து மேலே போங்கள். உதாரணத்துக்குப் பத்துப் பேர் கொண்ட குழு, 60 கிலோமீட்டர் தள்ளி ஒரு நிகழ்ச்சி, 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேன் 6,800. சாப்பாடு, டீ 2,000. கருவிக்கும் உடைக்கும் ஒதுக்குவது பத்து சதவீதம், 4,000. அவசர நிதி ஐந்து சதவீதம், 2,000. ஆக 14,800 போக மீதி 25,200. ஒன்பது பேருக்கு ஆளுக்கு ஒரு பங்கு, ஆசானுக்கு ஒன்றரைப் பங்கு என்றால் மொத்தம் பத்தரைப் பங்கு. பங்கு ஒன்றுக்கு 2,400, ஆசானுக்கு 3,600.

இதே நிகழ்ச்சியை 15,000க்கு ஒத்துக்கொண்டால்? வேனும் சாப்பாடும் போக மிஞ்சுவது 6,200. நிதிக்கு ஒன்றும் ஒதுக்காமல் பிரித்தால்கூட ஆளுக்கு 620. காலையில் கிளம்பி நள்ளிரவு வீடு திரும்புகிற ஆளுக்கு, அன்று கட்டட வேலைக்குப் போயிருந்தால் கிடைப்பதைவிடக் குறைவு. இந்தக் கணக்கைக் குழுவில் எல்லோர் முன்னாலும் ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். அப்புறம் யாரும் தனியாகப் போனில் விலையைக் குறைக்கமாட்டார்கள்.

ஒதுக்கும் பணத்தில் கைவைக்கக் கூடாது. 2020 மார்ச் கடைசியில் முழுமுடக்கம் வந்தது. பங்குனி தொடங்கியிருந்த நேரம். பங்குனி, சித்திரை, வைகாசியில் சம்பாதித்துத்தான் நாட்டுப்புறக் கலைஞர்கள் மீதி வருடத்தை ஓட்டுவார்கள். அந்த மூன்று மாதமும் அப்படியே போயிற்று. எங்கள் அவசர நிதியில் இருந்தது பெரிய தொகை இல்லை. ஆனாலும் பத்து வீட்டுக்கு இரண்டு மாதம் அரிசி, பருப்பு வாங்க அது போதுமாக இருந்தது. அதற்கு முன் ‘எதுக்குப் பிடிக்கிறீங்க’ என்று கேட்டவர்கள் அதற்கு அப்புறம் கேட்கவில்லை.

இலவசமாக அடிக்கவே கூடாதா? அடிக்கலாம். வருடத்துக்கு எத்தனை என்று குழு முன்கூட்டியே முடிவு செய்து, யாருக்கு என்பதையும் குழுவே தேர்வு செய்தால் அது நாம் கொடுக்கும் கொடை. எங்கள் கணக்கு வருடத்துக்கு ஆறு. அரசுப் பள்ளி, போராட்டப் பந்தல், நண்பர் வீட்டுத் துக்கம். அந்த ஆறுக்கும்கூட வேன் செலவைக் குழு நிதியிலிருந்து எடுக்கிறோம். யார் சட்டைப்பையிலிருந்தும் போவதில்லை.

ஒரு பக்கக் கடிதம்

வாய்ப்பேச்சுக்கு ஒரு வருடம் மதிப்புக் கொடுத்துப் பார்த்தோம். ஒரு நகரத்தில், பெயர் வேண்டாம், பெரிய விழா ஒன்று. அடித்து முடித்து வியர்வையோடு வந்தோம். விருந்தினர்களுக்கு உள்ளே டைனிங் ஹாலில் வாழையிலை போட்டிருந்தார்கள். எங்களை வாகனம் நிறுத்தும் ஷெட்டுக்குக் கூட்டிப்போய் பொட்டலம் கொடுத்தார்கள். பாடகர்களுக்கும் பேச்சாளர்களுக்கும் உள்ளே இடம் இருந்தது. பத்து நிமிடம் முன்புவரை மேடையில் ‘ஆதித் தமிழர் இசை’ என்று எங்களைத்தான் அறிமுகப்படுத்தினார்கள். எங்கள் ஆசான் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டார். யாரும் சாப்பிடவில்லை.

அடுத்த வாரமே கடிதம் தயார் செய்தோம். ஒரு பக்கம்தான். தேதி, இடம், அடிக்கும் நேரம், ஆள் எண்ணிக்கை, தொகை. பாதி முன்பணம், மீதி நிகழ்ச்சி முடிந்த அன்றே. காய்ச்ச இடம், குடிநீர், உடை மாற்றும் அறை. நிகழ்ச்சி ரத்தானால் முன்பணம் திரும்பாது. ஒளிப்பதிவு செய்தால் குழுவின் பெயரைப் போட வேண்டும், வேறு வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. கடைசி வரி: ‘கலைஞர்கள் மற்ற விருந்தினர்களோடு அதே பந்தியில் சாப்பிடுவார்கள்.’ அந்த வரியைப் படித்துவிட்டுத் திரும்பப் போன் செய்து, “இதெல்லாம் எழுதணுமா, நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல” என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்கள் இல்லையென்றால் கையெழுத்துப் போடுவதில் சிரமமில்லை என்று பணிவாகச் சொல்லிவிடுவோம். இதுவரை யாரும் போடாமல் விட்டதில்லை. சமூகப் பயன் என்று பெரிய அறிக்கைகளில் எழுதுகிறார்களே, என் அனுபவத்தில் அது இந்த ஒரு வரியில் நடந்த அளவு வேறெதிலும் நடக்கவில்லை.

ஒளிப்பதிவு பற்றி ஒரு வார்த்தை. நிகழ்த்துகிறவருக்குத் தன் நிகழ்ச்சியின் மேல் சட்டப்படி உரிமை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை 50 ஆண்டுகள். ஸ்டூடியோவில் ஒரு மணி நேரம் அடித்துவிட்டுப் படிக்காசு வாங்கிக்கொண்டு வருவதற்கு முன், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படியுங்கள். புரியாவிட்டால் தெரிந்த வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடலாம்.

பதிவு, வங்கி, வரி

குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால்தான் கல்லூரி, நிறுவனம், அரசு எல்லாம் பணம் கொடுக்கும். இரண்டு வழி. ஒன்று, கூட்டாண்மை நிறுவனமாகப் பதிவு செய்வது. நிகழ்ச்சி எடுத்து வருமானத்தைப் பிரித்துக்கொள்வதுதான் நோக்கம் என்றால் இது எளிது. இன்னொன்று சங்கமாகப் பதிவு செய்வது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். பயிற்சிப் பள்ளி, நன்கொடை, மானியம் என்று போவதானால் சங்கம் நல்லது. ஆனால் சங்கம் என்பது லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்வதற்கான அமைப்பு அல்ல, வருடா வருடம் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பின்னால் அவதிப்பட்ட குழுக்கள் நிறைய. வெளிநாட்டுத் தமிழ் அமைப்புகள் நன்கொடை அனுப்புகிறேன் என்றால் அவசரப்பட்டு வாங்காதீர்கள், அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிக்குக் கலைஞர் வாங்கும் கட்டணம் 1,50,000 ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. இது தெரியாமல் ‘ஜிஎஸ்டி நம்பர் இல்லையா, அப்போ குறைச்சுக்கலாமா’ என்பவர்களிடம் ஏமாறாதீர்கள். நிறுவனங்கள் பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்வார்கள், டிடிஎஸ் என்பார்கள். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரி இல்லாதவர்களுக்கு அது திரும்பி வரும். பான் எண் கொடுக்காவிட்டால் ஒரேயடியாக 20 சதவீதம் போய்விடும்.

குழுவில் ஒவ்வொருவரையும் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராக்குங்கள். பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து என்று உதவித்தொகைகள் உண்டு. வயதான, வருமானமில்லாத கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக மாத உதவித்தொகை இருக்கிறது. எங்கள் ஆசானுக்கு விண்ணப்பம் எழுதியபோது, அவர் கலைஞர் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். நாற்பது வருடம் அடித்தவரிடம் ஒரு போட்டோகூட இல்லை. அதனால் முதல் நிகழ்ச்சியிலிருந்தே நோட்டீஸ், போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையம், மாவட்டக் கலை மன்றம், சென்னை சங்கமம் தேர்வு என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த ஃபைலைத்தான்.

வருடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தை மாதம் பொங்கல் விழாக்கள். பங்குனியிலிருந்து வைகாசிவரை கோயில் திருவிழாக்கள். ஆடியில் அம்மன் கோயில்கள். புரட்டாசியில் கல்யாணம் இல்லை, ஐப்பசி, கார்த்திகையில் மழை. மார்கழியில் சென்னையில் சபாக்கள் நிறைந்திருக்கும்போது பறைக்கு இடம் இருந்ததில்லை. 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ விழாவைத் தொடங்கிய பிறகு அந்த மாதத்துக்கே வேறு அர்த்தம் வந்தது.

ஆக, ஐந்தாறு மாதம் நிகழ்ச்சி இருக்காது. அப்போது சோறு போடுவது பயிற்சி வகுப்புகள். பள்ளிகள், ஐடி நிறுவனங்கள், சனி ஞாயிறு குடியிருப்பு வகுப்புகள். கொரோனாவுக்குப் பிறகு வெளிநாட்டில் இருக்கும் தமிழ்க் குழந்தைகளுக்கு ஆன்லைனில் சொல்லிக் கொடுப்பதும் பழகிவிட்டது. வகுப்பு வருமானத்தில் சொல்லிக் கொடுப்பவருக்கு எவ்வளவு, குழுவுக்கு எவ்வளவு என்பதையும் அந்த முதல் நோட்டில் எழுதிவிடுங்கள்.

அரசு விழிப்புணர்வு நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. டெங்கு, வாக்காளர் பதிவு, குழந்தைத் திருமணம். வேலை உறுதி, ஆனால் பணம் வர மாதக்கணக்கில் ஆகலாம். வேன் வாடகையை அதுவரை தாங்குகிற நிதி இருந்தால் மட்டும் எடுங்கள்.

பாட்டு முடிந்த பிறகு என்ன நடக்கும்?

திட்ட அறிக்கை கேட்கிற தொண்டு நிறுவனங்கள் ‘எத்தனை பேர் பார்த்தார்கள்’ என்று கேட்கும். எண்ணிக்கையைக் கொடுங்கள். ஆனால் நீங்கள் அதோடு நின்றுவிடாதீர்கள்.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. ஊர் ஊராகக் கலைக்குழுக்கள் போயின. பெண்கள் எழுத்துக் கற்றதோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கில். அதைப் பாட்டு மட்டும் சாதிக்கவில்லை. பாட்டு முடிந்த மறுநாள் மைதானத்தில் சைக்கிள் இருந்தது, பிடித்துக்கொள்ள ஆள் இருந்தார்கள், மாலையில் வகுப்பு இருந்தது. பாட்டு ஆசையைக் கிளப்பிவிட்டது, மற்றவை அந்த ஆசைக்கு வழி வைத்திருந்தன. நீங்கள் குழந்தைத் திருமணத்தைப் பற்றி நாடகம் போடுவதாக இருந்தால், அன்று கூட்டத்தில் இருக்கும் ஒரு பெண் பிள்ளை யாரிடம் போய்ப் பேசலாம் என்பதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்வது மட்டும் போதாது. அந்த ஊர் ஆசிரியையோ அங்கன்வாடி அக்காவோ மேடைக்குப் பக்கத்தில் நிற்கட்டும்.

திண்டுக்கல் சக்தி கலைக்குழு செய்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அருட்சகோதரி சந்திரா தொடங்கியது. ஆண்கள் மட்டும் தொட்ட பறையைத் தலித் பெண்கள் கையில் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் சலங்கை கட்டி, தலைநிமிர்ந்து, ஒரே வீச்சில் குச்சியை ஓங்கி நிற்பதைப் பார்த்த ஊருக்கு யாரும் தனியாகப் பிரசங்கம் செய்யத் தேவையில்லை. அடிக்கிறவர் யார் என்பதே அங்கே சேதி.

நாங்கள் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நோட்டில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுகிறோம். நம்மை எங்கே உட்காரவைத்தார்கள்? நிகழ்ச்சி முடிந்து யார் நம்மிடம் வந்து பேசினார்கள், என்ன கேட்டார்கள்? மூன்று மாதம் கழித்து அந்த ஊரில் யாராவது பறை எடுத்தார்களா? மூன்றாவதற்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் எழுதுகிறோம். எங்காவது ‘ஆம்’ வரும்போது பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதிக்கொள்கிறோம்.

சாவுக்கு அடிக்கலாமா

எல்லாப் புதுக்குழுவும் கேட்கிற கேள்வி. சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று முடிவெடுத்த குழுக்கள் பல. அந்த முடிவுக்குப் பின்னால் தலைமுறைகளின் காயம் இருக்கிறது. கௌரவமாகக் கூப்பிட்டு, சொன்ன தொகையைக் கொடுத்தால் அடிப்போம், துக்கத்துக்கு இசை இல்லாமல் எப்படி என்கிறவர்களும் உண்டு. எங்கள் குழுவில் இதை முடிவு செய்யும் உரிமையை, பரம்பரையாக அந்த வேலைக்கு இழுக்கப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்கே கொடுத்திருக்கிறோம். ஆர்வத்தால் கற்றுக்கொண்ட என்னைப் போன்றவர்கள் அதில் ஓட்டுப் போடுவதில்லை. நீங்களும் அப்படிச் செய்வது நல்லது என்பது என் எண்ணம்.

ஒருவேளை ஊரில் யாராவது ‘உங்க அப்பன் அடிச்சான், நீயும் வந்து அடி’ என்று கட்டாயப்படுத்தினால், அது விலை பேசுகிற விஷயமே இல்லை. கட்டாய ஊழியம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். தனியாகப் போய் வாதாடாமல், குழுவாக, எழுத்தில் புகார் கொடுங்கள்.

முதல் வருடம் முடியும்போது

புரட்டாசியில் ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படியுங்கள். யாருக்கு எவ்வளவு போயிருக்கிறது, நிதியில் எவ்வளவு இருக்கிறது, எந்த ஊர் இன்னும் பாக்கி வைத்திருக்கிறது என்று எல்லோர் காதிலும் விழட்டும். அன்றைக்கே கணக்கு எழுதுகிறவரை மாற்றிவிடுங்கள். குழுவில் வயதில் சின்னவர் யாரோ அவரிடம் அடுத்த வருட நோட்டைக் கொடுங்கள். எங்கள் குழுவில் இந்த வருடம் அது பதினெட்டு வயதுப் பெண்ணிடம் போயிருக்கிறது. முதல் நாளே என் பழைய நோட்டில் 340 ரூபாய் கூட்டல் பிழை கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த பங்கில் என்னிடம் பிடித்துக்கொள்வதாக எழுதி, என் கையெழுத்தும் வாங்கிவிட்டாள்.